மாட்டிக்கொண்ட வளையமும் ஒரு டெல்லிச் சந்தும்

டெல்லிக்குப் போகிற நம்மவர்கள் செங்கோட்டையைப் பார்க்காமல் வருவதில்லை. கோட்டை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாமலும் வருவதில்லை. அந்தப் போட்டோ எடுக்கிற கேமராவுக்கே உடம்புக்கு வந்துவிட்டால் எங்கே போவது? அதற்கும் அங்கேயே இடம் இருக்கிறது சார். கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே எதிரே நடக்க வேண்டியதுதான்.

எதிரே நீண்டு கிடப்பது சாந்தினி சவுக். 1650-வாக்கில் ஷாஜஹானின் மகள் ஜஹனாரா பேகம் போட்டுக் கொடுத்த கடைத்தெரு. நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது, அதில் நிலா தெரிந்தது, அதனால் இந்தப் பெயர் என்கிறார்கள். இப்போது வாய்க்காலும் இல்லை, அண்ணாந்து பார்க்க நேரமும் இல்லை. ஆனாலும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2021-இல் தெருவைச் செப்பனிட்டு, காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிகள் வரக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவும் நடராஜா சர்வீஸும்தான்.

கோட்டையை விட்டு வந்ததுமே இடப்பக்கம் சிவப்புக் கல்லில் திகம்பர ஜைனர் கோவில். அந்த வளாகத்துக்குள் பறவைகளுக்கு என்றே ஒரு ஆஸ்பத்திரி! இறக்கை ஒடிந்த புறா, காற்றாடி நூலில் மாட்டிக்கொண்ட கிளி எல்லாம் உள்நோயாளிகள். பருந்து, கழுகு போன்ற அசைவ ஆசாமிகளுக்கு வைத்தியம் உண்டு, ஆனால் அட்மிஷன் கிடையாது. அவுட் பேஷண்ட்தான். (பக்கத்துப் படுக்கைக்காரரைச் சாப்பிட்டுவிட்டால் யார் பதில் சொல்வது?)

இன்னும் கொஞ்ச தூரம் போனால் கேமராக்களின் ஆஸ்பத்திரி. பெயர் கூச்சா சவுத்ரி. பெயரைச் சொல்லி விசாரித்துக் குழம்ப வேண்டாம். "கேமரா மார்க்கெட்" என்றால் ரிக்‌ஷாக்காரரே கை காட்டுவார்.

'கூச்சா' என்றால் சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி நடக்க வேண்டிய இடங்களும் அதில் உண்டு. தலைக்கு மேல் மின்சார ஒயர்கள் இடியாப்பம் பிழிந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் கடைகள், கடைக்குள் கடை, படி ஏறினால் மாடியில் கடை. கல்யாண ஆல்பம், ஸ்டுடியோ குடை விளக்கு, முக்காலி, பேட்டரி, பை, பழைய லென்ஸ். ஃபிலிம் காலத்திலிருந்து வடஇந்தியாவின் சின்னச் சின்ன ஊர் ஸ்டுடியோக்காரர்கள் மொத்தக் கொள்முதலுக்கு வந்துபோகிற இடம் இது.

இப்படிப்பட்ட சந்துக்குள் ஒரு வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், கரோல்பாகில் இருக்கும் என் சித்தி பையன். வாரநாளில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். வார இறுதியில் கல்யாண போட்டோ எடுக்கிறான். முதலாவது சித்தியின் சந்தோஷத்துக்கு, இரண்டாவது அவன் சந்தோஷத்துக்கு.

நான் வேறு வேலையாக டெல்லி போய் அவர்கள் வீட்டில் இறங்கியபோது, பையன் முகம் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுகிற கடைசித் தேதி மாதிரி இருந்தது. "அண்ணா, ஞாயித்துக்கிழமை ஆர்.கே.புரத்துல ஒரு கல்யாணம். அட்வான்ஸ் வாங்கிட்டேன். கேமராவுல வளையம் மாட்டிக்கிச்சு. கழல மாட்டேங்குது."

என்ன வளையம்? அதைப் பற்றி ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். கேமராப் பிரியர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போகலாம். மற்றவர்கள் தாண்டினால் அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

லென்ஸ் கழற்றி மாட்டுகிற கேமராவில், லென்ஸின் அடிப்பாகத்துக்கும் உள்ளே படம் பதிகிற இடத்துக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட தூரம் இருந்தாக வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும். 1949-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தயாரான காண்டாக்ஸ் எஸ் கேமராவில் வந்த எம்42 என்ற மரையில் (42 மில்லிமீட்டர் அகலம், பாட்டில் மூடி மாதிரி திருகி மாட்டுவது) அந்தத் தூரம் 45.46 மில்லிமீட்டர். நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் 46.5. கேனானின் இ.எஃப்.பில் 44. உள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட இடம் வேண்டுமே, அதனால் இவ்வளவு.

அப்புறம் அந்தக் கண்ணாடியையே தூக்கிவிட்டு 'மிரர்லெஸ்' கேமராக்கள் வந்தன. தூரமும் குறைந்தது. 2010-இல் வந்த சோனியின் இ மவுண்டில் 18 மில்லிமீட்டர். 2018-இல் வந்த நிக்கான் இஸட்டில் 16, கேனான் ஆர்.எஃப்.பில் 20. புதுக் கேமராவில் பழைய லென்ஸை மாட்ட வேண்டுமானால், விட்டுப்போன தூரத்தை ஒரு வெற்று வளையம் போட்டு நிரப்பினால் போதும். எம்42 லென்ஸை சோனியில் மாட்ட 45.46-இல் 18 போக 27.46 மில்லிமீட்டர். சாதாரணக் கழித்தல் கணக்கு! இந்த வளையம்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி, மோட்டார் எதுவும் கிடையாது. அலுமினியக் குழாய், அவ்வளவே.

இதனால் உலகம் முழுக்கப் பரணில் தூங்கிய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு வந்தது. அதில் முக்கியமானது சோவியத் நாட்டு ஜெனிட் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 44-2. 58 மில்லிமீட்டர். முகத்தைத் தெளிவாக எடுத்துவிட்டுப் பின்னாலிருக்கும் இலை தழைகளையெல்லாம் சுழற்றிவிடும். அந்தச் சுழலுக்கு இன்றைய பையன்களிடம் அப்படி ஒரு மவுசு.

சித்தப்பாவிடம் ஒரு ஜெனிட் இருந்தது. எங்கள் வீட்டில் நடந்த காதுகுத்து, சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி எல்லாம் அந்த ஒரே லென்ஸ் வழியாகத்தான் ஆல்பத்துக்குள் போயின. எல்லாப் படத்திலும் எல்லாரும் இருப்போம், சித்தப்பா மட்டும் இருக்கமாட்டார். எடுக்கிறவர் எப்படி வருவார்? அவர் போய்ச் சேர்ந்த பிறகு பையன் பீரோவைத் திறந்து லென்ஸை எடுத்துத் துடைத்து, ஆன்லைனில் ஒரு பெயரில்லாத கம்பெனி வளையத்தை வரவழைத்து மாட்டியிருக்கிறான். மாட்டும்போது அழகாக 'டிக்' என்றது. கழற்றும்போதுதான் மௌன விரதம்.

லென்ஸ் மட்டும் திருகினவுடன் கையோடு வந்துவிட்டது. வளையம் கேமராவிலேயே உட்கார்ந்துவிட்டது. அந்த வளையம் இருக்கிற வரை கேமராவின் சொந்த லென்ஸ் எதையும் மாட்ட முடியாது. கல்யாண மண்டபத்தில் தானாக ஃபோகஸ் ஆகிற ஜூம் லென்ஸ் இல்லாமல், தாலி கட்டுகிற அரை நிமிஷத்தில் கையால் ஃபோகஸ் திருப்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஆல்பத்தில் தாலியே இருக்காது. ஒருவேளை அட்வான்ஸும் இருக்காது.

வீட்டிலேயே ஆலோசனைகள் வரத் தொடங்கின.

சித்தி சொன்னாள்: "எவர்சில்வர் டம்ளர் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிண்டா என்ன பண்ணுவோம்? உள்ளே ஐஸ் தண்ணி, வெளியே வெந்நீர். அப்படிப் பண்ணிப் பாரேன்டா!" டம்ளருக்கு நூறு சதவிகிதம் சரியான விஞ்ஞானம். கேமராவுக்குத் தண்ணீரே ஆகாது என்பதுதான் சிக்கல். ஃபிரிட்ஜில் வைத்தாலும் வெளியே எடுத்ததும் உள்ளே வியர்த்துவிடும்.

கீழ்வீட்டு சர்தார்ஜி துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பாவோடு வந்தார். வழுவழுவென்று கழன்றுவிடுமாம். கழலலாம். ஆனால் மிரர்லெஸ் கேமராவில் வளையத்துக்குப் பின்னால் படம் பதிகிற சென்சார் பெரும்பாலும் திறந்த வாயாக உட்கார்ந்திருக்கும். எண்ணெய் நேராக அதன் முகத்தில்தான் போய் விழும்.

மூன்றாவது ஆலோசனை வீட்டிலிருந்த குறடு. வளையம் மெல்லிய அலுமினியம். குறடு போட்டு அழுத்தினால் வட்டம் முட்டையாகிவிடும். முட்டை வட்டத்துக்குள் திரும்புமா? இன்னும் இறுகும்.

ஆகவே கூச்சா சவுத்ரி.

முதலில் ஏறிய கடையில் ஒரு இளைஞர். கேமராவை வாங்கினார், பட்டனை அழுத்தினார், முழு பலத்தோடு திருகினார். முகம் சிவந்ததே தவிர வளையம் அசையவில்லை. "வளையத்தை வெட்டணும். உள்ளே மவுண்ட்டும் மாத்தணும். நாலாயிரம். அடுத்த வியாழன்."

பையன் என்னைப் பார்த்தான். நான் பி.காம். படித்தவன் என்பதால் உடனே லாப நஷ்டக் கணக்கு போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு வியாழக்கிழமை கேமரா. இதற்கு ஐந்தொகையே போட வேண்டாம்.

"உஸ்தாத் ஒருத்தர் மாடியில இருக்கார்ணா. ஃபிலிம் காலத்து ஆளு" என்றான்.

ஏணிக்கும் படிக்கும் நடுவில் ஒரு ஜாதி இருக்கிறது. அதில் இரண்டு மாடி. மேலே ஒரு ஜன்னல், ஜன்னலோரம் ஒரு மேஜை, மேஜையில் ஒரு விளக்கு, சின்னச் சின்ன பிளாஸ்டிக் மூடிகளில் கடுகு சைஸ் திருகாணிகள். அதற்குப் பின்னால் கண்ணில் பூதக்கண்ணாடி சொருகிய ஒரு பெரியவர். எதிரே ஸ்டூலில் வயிற்றைத் திறந்துகொண்டு ஒரு பழைய நிக்கான்.

பையன் கேமராவை நீட்டி, "உஸ்தாத்ஜி, மாட்டிக்கிச்சு" என்றான். அவர் திருகிப் பார்க்கவே இல்லை. முதலில் மேஜையில் ஒரு மஞ்சள் துணியை விரித்தார். கேமராவை வாய் கீழே பார்க்கும்படி பிடித்தார். (பொடியோ தூசியோ விழுந்தால் துணியில் விழும், சென்சாரில் விழாது.) பட்டனை மட்டும் அழுத்தி அழுத்தி விட்டார். பாதி தூரம் போய் நின்றது. தலையாட்டிக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார். அவர் பேசிய இந்தியைத் தமிழில் தருகிறேன்.

"உங்க ஊர்ல வீட்டுக் கதவு மரம்தானே?"

"ஆமா."

"மழைக்காலத்துல ஊதிக்குமா?"

"ஊதிக்கும்."

"தாழ்ப்பாள் வராதே. அப்ப என்ன பண்ணுவீங்க?"

எங்கள் கிராமத்து வீட்டுக் கொல்லைக்கதவு கண்முன் வந்தது. தாழ்ப்பாளைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் வராது. பாட்டி வந்து, "தள்ளுடா கதவை" என்பாள். கதவை ஒரு கையால் உள்பக்கம் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் இழுத்தால் தாழ்ப்பாள் வெண்ணெயாக வரும்.

"அதேதான் இது" என்றார் உஸ்தாத்.

விஷயம் இவ்வளவுதான் சார். கேமராவின் உதட்டில் ஒரு சின்ன ஊசி ஸ்பிரிங்கில் நிற்கிறது. லென்ஸோ வளையமோ கடைசி வரை திரும்பினதும், அதன் அடியிலிருக்கும் ஒரு துளைக்குள் ஊசி போய் விழும். நமக்குக் கேட்கிற 'டிக்' அதுதான். பட்டனை அழுத்தினால் ஊசி உள்ளே போகும், வளையம் திரும்பும். துளை சுத்தமாக இருந்தால் எல்லாம் சுகம். துளை ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தால், கழற்றுகிற பக்கம் திருகும்போது அது ஊசியின் விலாவில் போய்க் குத்தி நிற்கும். எவ்வளவுக்கெவ்வளவு முறுக்குகிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த ஊசியை நாமே பிடித்துக்கொள்கிறோம். அப்புறம் பட்டன் எங்கே உள்ளே போகும்? கீழே இருந்த இளைஞர் முகம் சிவக்கத் திருகினாரே, அந்த பலம் முழுவதும் பூட்டுக்குத்தான் உதவியது.

உஸ்தாத் ரப்பர் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டார். (சித்தி பாத்திரம் தேய்க்கப் போடுவாளே, அந்த ரகம். ஊர்க்காய் பாட்டில் திறக்கவும் இதுதான் கைகண்ட மருந்து.) வளையத்தைச் சுற்றி ஐந்து விரலும் சமமாகப் பதித்தார். ஒரே பக்கம் அமுக்கவில்லை. பிறகு கழற்றுகிற பக்கத்துக்கு நேர் எதிரே, மாட்டுகிற பக்கமாக, மயிரிழை திருப்பினார். அப்படியே பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

பட்டன் முழுசாக உள்ளே போனது.

பட்டனை விடாமல் மறுபக்கம் திருப்பினார். வளையம் கையில் வந்துவிட்டது. என் கைக்கடிகாரத்தின்படி நாலு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் கதவைப் பற்றிப் பேசினது.

பையன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. பெரியவர் வளையத்தை விளக்கடியில் திருப்பிக் காட்டினார். துளையின் ஓரத்தில் துளைபோட்ட மிஷின் விட்டுப்போன பிசிறு, பூதக்கண்ணாடியில் பார்த்தால் மீன் முள் மாதிரி நின்றது. ஊசி அரத்தால் நாலு இழுப்பு. துணியால் துடைத்து, நகத்தால் தடவிப் பார்த்து, பையன் கையில் கொடுத்தார். "இதை வீட்டுக்குப் போய் மாட்டிக் கழட்டிப் பாரு. மண்டபத்துல வேண்டாம்."

"இப்படிச் செய்தும் வரவில்லையென்றால்?" என்று கேட்டேன்.

அவரிடம் வரிசை இருந்தது. பைக் மெக்கானிக் ஸ்பார்க் பிளக் இடைவெளி அளக்க வைத்திருப்பாரே மெல்லிய இரும்புத் தகடு, அதில் ஒன்றை வளையத்துக்கும் கேமராவுக்கும் நடுவே ஊசி இருக்கும் இடமாகப் பார்த்து நுழைத்து, ஊசியை உள்ளே தள்ளிப் பார்ப்பார். திருப்புளியால் நெம்புவது மட்டும் கிடையாது. நெம்பினால் கேமராவின் உதடு வளையும், அதற்கப்புறம் எந்த லென்ஸும் நேராக உட்காராது. உதட்டைக் கழற்றிவிடலாமே என்றால், அதன் திருகாணிகள் மாட்டிக்கொண்ட வளையத்துக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும். சாவி பெட்டிக்குள், பெட்டி பூட்டியிருக்கிறது! எல்லாம் தோற்றால் வளையத்தைப் பலி கொடுப்பார். உள்ளே ஒரு துகள் போகாமல் அடைத்துவிட்டு வளையத்தை அறுப்பார். கேமராவில் கை வைக்கமாட்டார்.

எனக்கு இது நன்றாகவே புரிந்தது. வளையம் வருவாய்ச் செலவு, கேமரா மூலதனச் செலவு. எதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில்தான் முதல் வருஷ பி.காம். பாதி பேர் கோட்டை விடுவோம்.

இனிமேல்தான் கிளைமாக்ஸ். எவ்வளவு என்று கேட்டான் பையன்.

"ஐநூறு."

நாலாயிரத்துக்குத் தயங்கிக்கொண்டு வந்தவன், ஐநூறைக் கேட்டதும் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டான். "உஸ்தாத்ஜி... நாலு நிமிஷ வேலைக்கு ஐநூறா?"

பெரியவர் கோபப்படவில்லை. கையை நீட்டினார். "கேமராவையும் வளையத்தையும் குடு. முன்னே இருந்த மாதிரியே மாட்டிக் குடுத்துடறேன். அதுக்குக் காசு வேண்டாம்."

பையன் பர்ஸை எடுத்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

கீழே இறங்கும்போது, "இந்த வேலையை யாராவது கத்துக்கறாங்களா உஸ்தாத்ஜி?" என்று கேட்டுவிட்டு வந்தான். அவர் பதில் சொல்லாமல் எதிரே ஸ்டூலிலிருந்த நிக்கானைக் கையில் எடுத்துக்கொண்டார். ஃபிலிம் உலகத்தின் ராஜாவாக இருந்த கோடக்கே 2012-இல் திவால் மனு போட்டது. செல்போன் வந்தபின் ஊருக்கு ஊர் ஸ்டுடியோக்கள் மூடின. புதுக் கேமராவில் பழுது என்றால் உள்ளே போர்டையே மாற்றிவிடுகிறார்கள். வளையம் மாட்டினால் மவுண்ட்டையே மாற்றலாம் என்று கீழ்க்கடை இளைஞர் சொன்னதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்த வைத்தியம் அது. கதவையும் தாழ்ப்பாளையும் வைத்து யோசிக்க மேலே இன்னும் இரண்டு மாடி ஏற வேண்டியிருக்கிறது. ஏறுகிறவர்கள் குறைவு.

வெளியே வந்ததும் பையனைத் தரீபா முனையில் ஜிலேபி வாங்கித் தரச் சொன்னேன். மிச்சமான மூவாயிரத்து ஐநூறுக்கு நான் கேட்ட கமிஷன் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் கல்யாணத்துக்கு நானும் பை தூக்கிக்கொண்டு போனேன். முகூர்த்தம் முழுக்க ஜூம் லென்ஸ். தாலி, மாலை மாற்றல், மாமாவின் கொட்டாவி எதுவும் தப்பவில்லை. பந்தியெல்லாம் முடிந்து மண்டபம் ஓய்ந்தபின், பையன் வளையத்தை மாட்டி அதில் ஹீலியோஸைத் திருகி, பெண்ணின் பாட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தான். ஃபோகஸ் திருப்ப அவனுக்கு நேரம் பிடித்தது. பாட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் தோரண மாவிலை சுழன்றது. கழற்றும்போது 'டிக்' என்று வந்துவிட்டது. அவன் அம்மாவுக்கு அந்தப் படத்தைத்தான் முதலில் அனுப்பினான். சித்தி ரொம்ப நேரம் கழித்துப் பதில் போட்டாள்: "அப்பா எடுத்த மாதிரியே இருக்கு."

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மெட்ரோவில் மஞ்சள் தடத்தில் சாந்தினி சவுக் ஸ்டேஷன். ஊதாத் தடத்தில் லால் கிலா ஸ்டேஷன், 2017-இல் திறந்தது. இரண்டிலிருந்தும் நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் லீவு, போய் ஏமாறாதீர்கள். லென்ஸோ கேமராவோ வாங்கினால் பில் கேளுங்கள், கேரண்டி சீட்டில் யார் முத்திரை என்று பாருங்கள். பேரம் பேசலாம், பேசத்தான் வேண்டும்.

வீட்டிலேயே வளையம் மாட்டிக்கொண்டால் முதலில் எந்தப் பக்கம் திருகுகிறோம் என்று பாருங்கள். மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் முன்னாலிருந்து பார்க்க இடப்பக்கம் கழன்றால், நிக்கான் மட்டும் வலப்பக்கம் கழலும். தப்புப் பக்கமே அரை மணி முறுக்குகிற புண்ணியவான்கள் உண்டு. அடாப்டரிலேயே தனிப் பட்டன் இருந்தால் அது லென்ஸை விடுவிக்க. வளையத்தை விடுவிக்கிற பட்டன் கேமராவில் இருக்கிறது. அதன் பிறகு ரப்பர் கையுறை, இறுக்குகிற பக்கம் மயிரிழை, பட்டன், மறுபக்கம்.

அதற்கும் வரவில்லையா? குறட்டை எடுக்காதீர்கள். டெல்லிக்கு டிக்கெட் எடுங்கள். கூடவே ஐநூறு ரூபாயும்.